இடப்பக்கச் சுவர்

கண்ணை மூடிக்கொள்ளுங்கள் சார். மருந்து விட்ட பிறகு முக்கால் மணி நேரம் திறக்கக் கூடாது என்று அந்த நர்ஸ் பெண் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். செல்போன் பார்க்க முடியாது, பேப்பர் படிக்க முடியாது. காது மட்டும் சும்மாதானே இருக்கிறது. கொஞ்ச நேரம் அதை என் பக்கம் கொடுங்கள்.

என் பெயர் நாச்சிமுத்து. வயது அறுபத்தொன்பது. கண்ணில் எனக்கு ஒரு கோளாறும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எல்லாம் வைத்தியத்துக்கு வந்திருக்கிறீர்கள். நான் சர்டிபிகேட்டுக்கு வந்திருக்கிறேன். 'இவருக்குக் கண் நன்றாகத் தெரிகிறது' என்று டாக்டரம்மா ஒரு கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அதை எடுத்துக்கொண்டு போய் வரும் ஞாயிற்றுக்கிழமை ஒருவன் மூக்குக்கு நேரே நீட்ட வேண்டும். அவ்வளவுதான். அதற்காகக் காலை ஏழு மணியிலிருந்து இந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

யாரோ பக்கத்தில் இஞ்சி மரப்பா தின்கிறார்கள். நீங்கள் இல்லையே? வாசனை தூக்குகிறது. இந்தக் கோயம்புத்தூரில் பாதிப் பேருக்கு வாயுத் தொல்லை. எனக்கு அந்த வாசனையே ஆகாது. ஏன் ஆகாது என்று பின்னால் சொல்கிறேன்.

நுரைக்குண்டு ஆட்டம் பார்த்திருக்கிறீர்களா? பஞ்சுமிட்டாய் கலரில் பிளாஸ்டிக் துப்பாக்கி. பிளாஸ்டர் என்பார்கள். உள்ளே ஸ்பிரிங். சுண்டுவிரல் நீளத்துக்கு நுரையில் ஒரு குண்டு, அதற்கு டார்ட் என்று பெயர். பட்டால் வலிக்காது. சட்டை தடிமனாக இருந்தால் பட்டதே தெரியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், எனக்காகக் கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டி வந்தாலும் வரும்.

பீளமேட்டுப் பக்கம் ஒரு மூடிப்போன மில்லில், பஞ்சுப் பொதிகளை, பேல் என்போம், அடுக்கும் கோடவுனை ஜெசிந்தா என்று ஒரு பெண் வாடகைக்கு எடுத்து இந்த ஆட்டத்தை நடத்துகிறாள். அந்தக் கோடவுனில் முப்பத்தோரு வருஷம் நான்தான் பேல் அடுக்கும் சூப்பர்வைசர். அடுக்கு என்றால் சும்மா அடுக்கு இல்லை சார். ஒருமுறை செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒரு திருடன் உள்ளே போனான். என் அடுக்குக்குள் வழி தெரியாமல் சுற்றிச் சுற்றி வெள்ளிக்கிழமை காலையில்தான் வெளியே வந்தான். வாட்ச்மேனைக் கட்டிப்பிடித்து அழுதான். வாட்ச்மேன் அவனுக்கு இரண்டு இட்லி வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டான். நம்பவில்லையா? போகட்டும். சென்னியப்பனும் நம்பமாட்டான். கூடவே வேலை பார்த்தவன், அவனே நம்பமாட்டான்.

சென்னியப்பன் யார் என்றால், அவன்தான் அந்த ஒருவன். மூக்குக்கு நேரே காகிதம் நீட்டப்போகிறேன் என்றேனே. அதே மில்லில் எடை மேடையில் இருந்தவன். லாரி வந்து நின்றால் முள் எங்கே நிற்கிறதோ அதை எழுதுவான். அதற்குமேல் ஒரு கிலோ கூட்டமாட்டான், குறைக்கமாட்டான். முதலாளியே வந்து சொன்னாலும் முள்ளைக் காட்டுவான். அப்படிப்பட்டவனோடு முப்பத்தோரு வருஷம் ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டிருக்கிறேன். என் பொறுமையைப் பாருங்கள்.

ஜெசிந்தா வந்த புதிதில் நானும் அவனும் சும்மா எட்டிப் பார்க்கப் போனோம். பரீட்சை ஹாலில் பெஞ்சு போட்டது மாதிரி தடுப்புகளை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தாள். 'ஏம்மா கண்ணு, இதுக்குள்ள யாரு யாரைத் தேடறது? நின்ன எடத்துல இருந்தே எல்லாரையும் சுட்டுப் போடலாமே' என்றேன். 'நீங்க வேணா வெச்சுக் காட்டுங்க தாத்தா' என்றாள். வைத்துக் காட்டினேன். மூட்டைக்கு அடியில் போடும் மரப் பேலட், தண்ணீர் டிரம், தார்ப்பாய், மூன்றே சாமான். அன்று சாயங்காலம் உள்ளே பறந்து வந்த ஒரு காக்கை வெளியே போக வழி தெரியாமல் டிரம் மேல் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தது. ஜெசிந்தா அசந்துவிட்டாள். 'நீங்களே ஒரு டீம் போடுங்க தாத்தா, சீனியர்ஸ் டீம்' என்றாள்.

போட்டோம். பென்ஷன் படை. ஐந்து பேர். பேக்கரி வர்கீசும் அவர் சம்சாரமும் இரண்டு பேர். அவர்களுக்குக் குறி கிடையாது, ஆனால் சத்தம் உண்டு. இரண்டு பேரும் மலையாளத்தில் சண்டை போட்டுக்கொண்டே விடாமல் சுடுவார்கள். எதிரி தலையைத் தூக்கவே மாட்டான். குர்ஷித் அக்கா போஸ்டாபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர். டிரம்முக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவார். கவருக்கு முத்திரை குத்துவது போல் ஆளுக்கு ஒரு குண்டு. இரண்டாவது குண்டு கேட்கமாட்டார். மிச்சம் இரண்டு பேர் நடக்கிறவர்கள், நானும் சென்னியப்பனும். இந்த மூன்று பேர் சத்தத்திலும் குறியிலும் நாங்கள் இரண்டு பேர் மெதுவாக நடந்து போய் எதிராளியின் மணியை அடிக்க வேண்டும். மணி அடித்தால் வெற்றி. ஆட்டம் பத்து நிமிஷம்.

இந்த நடையில் பாருங்கள், சென்னியப்பன் ஒரு பயந்தாங்கொள்ளி. என் இடது தோளைப் பிடிக்காமல் ஒரு அடி வைக்கமாட்டான். எப்போதும் எனக்கு இடப்பக்கம்தான் வருவான். பின்னாலிருந்து தோளில் தட்டுவான். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் இடப்பக்கம் காலி, போ. அவனாகக் கண்டுபிடித்த சமிக்ஞை. எனக்கு அது தேவையே இல்லை. பாவம், ஏதோ ஒரு வேலை இருந்தால்தானே அவனுக்கும் தைரியம் வரும் என்று விட்டுவிட்டேன். ஆட்டத்தில் மட்டும் இல்லை, ரோட்டில் நடந்தாலும் இடப்பக்கம்தான். என் வீட்டுக்காரிகூட இப்படி ஒட்டிக்கொண்டு நடந்தது கிடையாது. என் ஸ்கூட்டரில் இடப்பக்கக் கண்ணாடி மூன்று மாதத்தில் நாலு தடவை உடைந்தது. இந்த ஊர் ஆட்டோக்காரர்கள் எல்லாம் இடப்பக்கமாகத்தான் ஏறுவார்கள். நாலாவது தடவைக்குப் பிறகு சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, 'இனிமே என்ற வண்டியிலயே போயிக்கலாம்' என்றான். பெட்ரோல் அவனுடையது. நானும் சரி என்றேன்.

ஆட்டத்தின் சட்டம் சொல்லவில்லையே. டாஸ் ஜெயிக்கிற அணி களத்தைக் கட்டும். அரை மணி நேரம் கொடுப்பார்கள். தோற்ற அணி எந்த முனையில் நிற்பது என்று தேர்ந்தெடுக்கும். அதனால் கட்டுகிறவன் ஒரு முனைக்கு மட்டும் சௌகரியமாகக் கட்ட முடியாது. இரண்டு முனையும் ஒன்றுபோல இருக்க வேண்டும். நான் கட்டினால் எந்த முனையில் நின்றாலும் உங்கள் இடப்பக்கம் ஒரு நீண்ட பேலட் சுவர் இருக்கும். கிட்டத்தட்டப் பாதிக் கோடவுன் வரை. இடப்பக்கத்தைச் சுவர் பார்த்துக்கொள்ளும், நீங்கள் வலப்பக்கம் மட்டும் பார்த்தால் போதும். எவ்வளவு பெரிய தத்துவம் பாருங்கள். நாச்சிமுத்து சுவர் என்றே பெயர் வந்துவிட்டது. மற்ற அணிகளும் டாஸ் ஜெயித்தால் அதையே காப்பியடித்துக் கட்டினார்கள். கொரியாவிலிருந்து ஒருத்தர் வந்து டேப் வைத்து அளந்து, எனக்கு முன்னால் இடுப்பு வரை குனிந்து கும்பிட்டார். நான் ஒரு இளநீர் வாங்கிக் கொடுத்தேன்.

ஏன் இடப்பக்கமே என்று எல்லோரும் கேட்பார்கள். தாரணி என்று ஒரு பெண், சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகளின் கேப்டன், அவளும் அரையிறுதி முடிந்ததும் வந்து கேட்டாள். 'ஏனுங்க ஐயா, உங்க சொவரு எப்பவும் லெஃப்ட்லயே வருது?' 'இதயம் எந்தப் பக்கம்மா இருக்குது?' என்றேன். சிரித்தாள். செல்போனில் ஏதோ எழுதிக்கொண்டாள். என் பொன்மொழியைத்தான் குறித்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

சட்டத்தில் முக்கியமான ஒன்று பாக்கி இருக்கிறது. குண்டு பட்டதா இல்லையா என்று சொல்ல அங்கே அம்பயர் கிடையாது. பட்டவன்தான் சொல்ல வேண்டும். ஆட்டம் தொடங்கும்முன் பத்து பேரும் வெள்ளைக் கோட்டில் நின்று, கையைத் தலையில் வைத்து, 'பட்டா நானே சொல்லுவேன்' என்று சொல்ல வேண்டும். பட்டால் 'பட்டுது' என்று குரல் கொடுத்துவிட்டுத் தலையில் கை வைத்தபடியே வெளியே போய்விட வேண்டும். பட்டவன் சொல்வதுதான் தீர்ப்பு. சுட்டவன் பேசக்கூடாது. பார்த்தவன் பேசக்கூடாது. இதை நன்றாகக் காதில் போட்டுக்கொள்ளுங்கள் சார், என் கேஸே இதில்தான் நிற்கிறது.

மறுபடியும் இஞ்சி மரப்பா. ஒரு பொட்டலமே தின்கிறான் போலிருக்கிறது.

இறுதி ஆட்டம். டாஸ் தாரணி ஜெயித்தாள். அரை மணி நேரம் கட்டினார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் என் சுவரை அப்படியே தூக்கி வலப்பக்கம் வைத்திருக்கிறார்கள். எந்த முனையில் நின்றாலும் வலப்பக்கம் சுவர். இடப்பக்கம் திறந்த மைதானம், நாலைந்து டிரம் மட்டும்.

நான் பதறவில்லை. சென்னியப்பன்தான் பதறினான். அந்தக் களத்தை ஒருமுறை பார்த்தான், என்னை ஒருமுறை பார்த்தான். பைக்குள் கைவிட்டு ஒரு இஞ்சி மரப்பாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். யோசிக்க வேண்டி வந்தால் அவனுக்கு அது வேண்டும்.

'நாச்சி, இன்னிக்கு நீ நம்ம மணிகிட்டயே நின்னுக்கோ. நானும் வர்கீசும் போறோம்.'

'ஏன்டா?'

'சொவரு சரியில்ல.'

'சொவரு சரியில்லியா, நான் சரியில்லியா?'

மென்றுகொண்டே நிற்கிறான். இந்த ஆட்டத்தையே இந்த ஊருக்குச் சொல்லிக் கொடுத்த என்னைப் பார்த்து, மணிக்குக் காவல் நில் என்கிறான். எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும், இவன் மனசில் ஏதோ இருக்கிறது என்று. 'வேணும்னா நீ நின்னுக்கோ' என்று சொல்லிவிட்டு நடந்தேன். பின்னாலேயே ஓடி வந்தான். தோளில் கை.

தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தோம். ஆட்டம் ஆரம்பம். வர்கீஸ் தம்பதி சண்டையைத் தொடங்கினார்கள், அன்றைக்கு மீன்குழம்பில் புளி சேர்த்த விஷயம். குர்ஷித் அக்கா முதல் இரண்டு நிமிஷத்தில் இரண்டு பேரை அனுப்பினார். நாங்கள் நடந்தோம். ஒரு தட்டு, நின்றேன். இரண்டு தட்டு, போனேன். ஒரு தட்டு, ஒரு தட்டு, ஒரு தட்டு. அன்றைக்கு அவன் தட்டிய தட்டில் என் தோள் வீங்கியே போயிற்று. நடுவில் ஒரு நீல டிரம். அதைத் தாண்டினால் அவர்கள் மணி இருபது அடி.

டிரம்மிலிருந்து நான் தலையை நீட்டினேன். சென்னியப்பன் திடீரென்று எனக்கு இடப்பக்கம் முன்னால் பாய்ந்தான். எதற்குப் பாய்ந்தான் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பாய்ந்தவன் உடனே தலையில் கையை வைத்தான். 'பட்டுது' என்றான். சார், யாருமே பார்க்கவில்லை. ஒட்டி நின்ற நானே பார்க்கவில்லை. நானே பார்க்காததை வேறு எவன் பார்த்திருப்பான்? வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம் இல்லையா? எடை மேடைப் புத்தி. முள் நின்ற இடத்தைச் சொல்லியே தீருவான்.

போகும்போது தோளில் ஒரு தட்டு. 'இங்கயே நில்லு நாச்சி. அசையாத. அக்கா வரட்டும்' என்றான்.

நின்றேனா? நான் யார்? எதிரே ஒருவரும் இல்லை. சுவர் இருக்கிற பக்கமும் ஒருவரும் இல்லை. எழுந்தேன், நடந்தேன். ஓடினேன் என்றே சொல்லலாம். அறுபத்தொன்பது வயதில் சிறுத்தை போல ஓடினேன். எங்கேயோ டப், டப், டப் என்று ஸ்பிரிங் சத்தம். யாரோ யாரையோ சுடுகிறார்கள் என்று நினைத்தேன். போய் மணியை அடித்தேன் பாருங்கள், அந்தச் சத்தம் ஹோப் காலேஜ் சிக்னல் வரைக்கும் கேட்டது என்று பிறகு ஒரு டிராபிக் போலீஸ்காரர் சொன்னார்.

திரும்பினால் யாரும் கை தட்டவில்லை. வர்கீஸ் மட்டும் கை தட்டினார், அவர் சம்சாரம் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். இடப்பக்கம் ஒரு டிரம்முக்குப் பின்னாலிருந்து ஒரு தாடிக்காரப் பையன் எழுந்து நிற்கிறான். அவன் எப்போது அங்கே முளைத்தான் என்று எனக்குத் தெரியாது. 'ஐயா, மூணு போட்டேனே. மூணும் பட்டுதே' என்றான். அழாத குறையாகச் சொன்னான்.

ஜெசிந்தா மேடையிலிருந்து இறங்கி வந்தாள். 'தாத்தா, பட்டுதுங்களா?'

'படல.'

அத்தோடு முடிந்தது சார். பட்டவன் சொல்வதுதான் தீர்ப்பு. அந்தப் பையனும் வாயை மூடிக்கொண்டான். தாரணியும் சரி என்று தலையாட்டினாள். ஆனால் அந்தப் பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வை எப்படி இருந்தது தெரியுமா? இந்தக் கிழவன் கள்ளாட்டம் ஆடுகிறான் என்ற பார்வை. இருந்துவிட்டுப் போகட்டும். கோப்பை எங்களுடையது. ஜெசிந்தா கோப்பையை எடுக்கக்கூடப் போய்விட்டாள்.

அப்போது வந்தான் சார், வெளிக்கோட்டைத் தாண்டி. முப்பத்தோரு வருஷம் ஒரே டிபன் கேரியர். 'ஜெசி, பட்டுதும்மா. மூணு. தோள்ல ஒண்ணு, கையில ஒண்ணு, இடுப்புல ஒண்ணு. எல்லாம் எடது பக்கம். நான் பாத்தேன்' என்றான்.

பார்த்தவன் பேசக்கூடாது. சட்டத்தில் இருக்கிறது. அதோடு நிறுத்தினானா? அந்தத் தாடிக்காரப் பையனைப் பார்த்து, 'தம்பி, அவன் பொய் சொல்லல. அவனுக்கு எடது பக்கம் தெரியறதே இல்ல. ரொம்ப நாளாவே தெரியறதில்ல' என்றான். ஐம்பது அறுபது பேர் முன்னால். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் முன்னால்.

நீங்களே சொல்லுங்கள். கள்ளாட்டம் என்று அந்தப் பிள்ளைகள் நினைத்தார்கள், நினைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேனா இல்லையா? கள்ளாட்டம் ஆடுவதற்கு ஒரு சாமர்த்தியம் வேண்டும். அதில் ஒரு மதிப்பு இருக்கிறது. இது என்ன? நாளையிலிருந்து என் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்ட வைப்பார்கள். மருமகள் டம்ளரைக் கையில் திணித்து, 'மாமா, புடிச்சுட்டீங்களா' என்று கேட்பாள். என் அப்பாவுக்குக் கடைசியில் எட்டு வருஷம் அப்படித்தான் போயிற்று. ஆள் வந்தால் சுவரைப் பார்த்து 'வாங்க' என்பார். நான் பார்த்திருக்கிறேன். சென்னியப்பனும் பார்த்திருக்கிறான். தெரிந்தே சொன்னான் பாருங்கள்.

அதனால் நான் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். 'ஆமா, மூணும் பட்டுது. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் மறைச்சேன். நான் கள்ளாட்டந்தான் ஆடுனேன்.'

'ஏன்டா நாச்சி இப்படிப் பொய் சொல்ற?' என்றான் அவன். ஊரில் எல்லோரும் என் பொய்யை ரசிப்பார்கள். இவனுக்கு மட்டும் ஆகாது.

'நான் கள்ளாட்டக்காரன்டா. குருடன் இல்ல' என்றேன்.

கோப்பை அந்தப் பக்கம் போயிற்று. தாரணி அதை வாங்கமாட்டேன் என்று நின்றாள், என்ன திமிர் பாருங்கள். என்னிடம் வந்து, 'ஐயா, எனக்குத் தெரிஞ்சிருந்தா சொவரை மாத்திக் கட்டியிருக்க மாட்டேனுங்க' என்றாள். என்ன தெரிந்திருந்தால்? நான் கேட்கவில்லை. ஜெசிந்தா என்னைத் தனியே கூப்பிட்டாள். 'தாத்தா, கள்ளாட்டம்னா ஒரு வருஷம் தடை. அது எல்லாருக்கும் உள்ள சட்டம். கண்ணுல பிரச்சினைன்னா அது தப்பே இல்ல, போய் வைத்தியம் பாத்துட்டு வாங்க, உங்க எடம் அப்படியே இருக்கும். எதுன்னு டாக்டர் சீட்டு கொண்டாங்க. அடுத்த சீசனுக்குப் பேர் எழுதற ஞாயித்துக்கெழமைக்குள்ள.'

அதற்குத்தான் இந்த சர்டிபிகேட். என்ன சொன்னீர்கள்? கண் நன்றாக இருக்கிறது என்று சர்டிபிகேட் வந்தால் கள்ளாட்டம் ஆடியது உறுதியாகிவிடுமா? ஒரு வருஷம் ஆட முடியாதா? அது எனக்குத் தெரியாதா சார். அரை மணி நேரமாகக் கணக்காகக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறீர்கள், நல்லது. தடை ஒரு வருஷத்தில் தீர்ந்துபோகும். எழுபது வயதில் போய் நிற்பேன். மற்றது அப்படித் தீருமா?

இருபத்துமூன்று நாளாக அவனோடு பேச்சில்லை. தினமும் காலையில் வந்து கேட்டுக்கு வெளியே நிற்பான். 'மாமா, அவரு வந்திருக்காரு' என்று மருமகள் சொல்வாள். 'எடை போட ஒண்ணும் இல்லைனு சொல்லு' என்பேன். போய்விடுவான். மறுநாள் வருவான். இன்றைக்குத் தனியாகத்தான் பஸ் ஏறி வந்தேன். ஒரு சிரமமும் இல்லை. இறங்கும்போது ஒரு பைக்காரன் இடப்பக்கமாக வந்து உரசப் பார்த்தான், யாரோ ஒரு புண்ணியவான் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார். திரும்பிப் பார்ப்பதற்குள் ஆளைக் காணோம். நம் ஊரில் இன்னும் நல்லவர்கள் இருக்கிறார்கள்.

நீங்கள் அந்த மிஷினில் உட்கார்ந்தீர்களா? வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒன்று. தாடையை வைத்து நடுவில் பார்க்கச் சொல்வார்கள். எங்காவது ஒரு புள்ளி வெளிச்சம் மின்னும், மின்னினால் பொத்தானை அமுக்க வேண்டும். அதுவும் துப்பாக்கி ஆட்டம்தான். வலது கண்ணுக்கு நூற்றுக்கு நூறு. இடது கண் வந்தது. மிஷின் என்றால் அதற்கு ஒரு தாளம் உண்டு. நான் மில்லில் இருந்தவன், தாளம் பிடிபட்டுவிட்டது. தாளத்துக்கு அமுக்கினேன். அந்த நர்ஸ் பெண் வந்து கையைப் பிடித்தாள். 'தாத்தா, வெளிச்சமே வராதப்பவும் அமுக்கறீங்க.' 'வரப்போகுதுன்னு தெரியும் கண்ணு' என்றேன். 'பாத்தா மட்டும் அமுக்குங்க. இல்லைன்னா அமுக்க வேண்டாம். அதுக்கு மார்க் கொறைக்க மாட்டோம்' என்று சொல்லி முதலிலிருந்து போட்டாள். இரண்டாவது தடவை பாருங்கள், மிஷின் களைத்துவிட்டது. நடுவில் நாலைந்து புள்ளி காட்டியது. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமே காட்டவில்லை. நானும் பொத்தானைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். டிக், டிக் என்று உள்ளே ஏதோ சத்தம் மட்டும் கேட்டது.

காகிதம் கொடுத்தார்கள். இடது கண் காகிதத்தில் தார் ஊற்றியது மாதிரி கறுப்பு. பிரிண்டரில் மை கசிந்திருக்கிறது. கண்ணில் பிரஷர் என்று வேறு சொன்னாள். கண்ணில் பிரஷர் வருவதற்கு இது என்ன குக்கரா?

எப்போதிலிருந்து என்று கேட்கிறீர்களா? எது எப்போதிலிருந்து?

ஒரு விஷயம் சொல்கிறேன். நீங்கள் வெளியூர்க்காரர், யாரிடமும் சொல்லப்போவதில்லை. அந்தக் காக்கை வந்து உட்கார்ந்தது என்றேனே, அது பொய். கொரியாக்காரரும் பொய். திருடன் வாஸ்தவம். செவ்வாய் இல்லை, வியாழன். ஆனால் அந்த மூன்று குண்டு இருக்கிறதே, அது பட்டதாகவே எனக்குத் தெரியாது. இதை நான் வேறு யாரிடமும் சொல்லவில்லை. ஐம்பது அறுபது பேர் முன்னால் தெரிந்தே மறைத்தேன் என்று சொன்னேனே, என் வாழ்க்கையில் எந்தப் பொய்யையும் அவ்வளவு சிரமப்பட்டு நான் சொன்னதில்லை.

இரண்டு வருஷம் இருக்கும். சோற்றுத் தட்டில் இடப்பக்கம் வைத்த பொரியல் அப்படியே இருக்கும். மருமகள் பொரியல் வைக்கவில்லை என்று நான் சத்தம் போடுவேன். அவள் தட்டைத் திருப்பி வைப்பாள். அப்போதுதான் சுவரைக் கட்ட ஆரம்பித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். நானாகவா கட்டினேன், கை கட்டியது. எனக்கே தெரியாமல் கட்டினேன் என்றால் நம்புவீர்களா? இல்லை, இதையும் என் கதைகளோடு சேர்த்துவிடுவீர்களா?

ஏன் சார் பேச்சையே காணோம்? தூங்கிவிட்டீர்களா? கண்ணைத் திறந்துதான் பார்க்கிறேன், நீங்கள் ஏதோ கலங்கலாக இருக்கிறீர்கள். எனக்கும் சொட்டு விட்டார்களே, அந்த மருந்துதான். ஏன் என்னைப் பார்க்காமல் என் தோளைத் தாண்டி அந்தப் பக்கம் பார்க்கிறீர்கள்?

நாச்சிமுத்து, நாச்சிமுத்து என்கிறார்கள். கூப்பிட்டுவிட்டார்கள். வருகிறேன் சார். ஏழாம் நம்பர் ரூம் நேரேதானே? அந்த பைலை மட்டும் எடுத்துக் கொடுங்கள். நன்றி. எழுந்துகொள்வேன், பரவாயில்லை, கையைப் பிடிக்க வேண்டாம்.

இடது தோளிலிருந்து கையை எடுங்கள் என்றேன்.

நீங்கள் எனக்கு வலப்பக்கம் அல்லவா இருக்கிறீர்கள்?

ஒரு தட்டு.

நின்றுவிட்டேன் பாருங்கள், பழக்கம். என்ன அது, சக்கர நாற்காலியா? மூக்கை உரசிக்கொண்டு போகிறது. எங்கிருந்து வந்தது இது, இவ்வளவு நேரம் எங்கே இருந்தது?

எப்போதுடா வந்தே? வாயில் இருப்பதை முழுங்கிவிட்டுச் சொல்லு. மொதல்ல இருந்தேவா? பஸ்ஸில் இருந்தேவா? எல்லாத்தையும் கேட்டியா? கொரியாக்காரனையும் கேட்டியா?

பேசாதே. இருபத்துமூன்று நாள் கணக்கு அப்படியே இருக்கிறது, அதில் ஒரு நாள் குறையாது. சார், நீங்களும் இதில் கூட்டா? இருக்கட்டும், நல்லா இருங்கள்.

இரண்டு தட்டு. சரி, வருகிறேன். தள்ளாதே.

ஒன்று மட்டும் கேட்டுக்கோ சென்னி. உள்ளே டாக்டரம்மா என்ன கேட்டாலும் நீ வாயைத் திறக்கக் கூடாது. மரப்பா வேண்டுமானால் இன்னொன்று போட்டுக்கோ. நானே சொல்லிக்கொள்கிறேன். பட்டவன்தான் சொல்ல வேண்டும்.